இலையோடு மடித்த கிளிப்பு

“உனக்கு இன்னாடி வந்துச்சு? அடுத்தவ வாயில இன்னா கீதுன்னு தெரிஞ்சாத்தான் சோறு எறங்குமா? அடுப்புல பால் பொங்கிகினு கீது, போய் அத்தப் பாரு!”

எதிர்வீட்டுக்காரியை இப்படித்தான் விரட்டினேன். அவள் நகரவில்லை. கல்யாண போட்டோவில் என் நாத்தனார் மட்டும் ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அவளுக்குச் சொன்னது வேறு. நடந்தது இது.

நாத்தனார் என் புருஷனுக்கு அக்கா. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே என் முகவாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தேங்கா துருவி தனியா வாங்க வேணாம், பொண்ணே வாயில எடுத்துகினு வருது” என்றாள். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். என் பல் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டுதான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் என் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும். மீன் கூடையோடு தெருவெல்லாம் கூவினவள் நான். கூவுவதற்கு வாயைத் திறப்பேன், சிரிப்பதற்குத் திறக்க மாட்டேன்.

அது என்னோடு முடிந்திருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். என் பேத்திக்கும் அதே பல். செங்கல்பட்டில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போய் அவளுக்குக் கிளிப்பு போட்டோம். கழற்றி மாட்டுகிற மாதிரி. மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக், முன்னால் ஒரு கம்பி.

“சாப்பிடும்போது கழட்டி டப்பால வைக்கணும்மா. பச்சத் தண்ணில கழுவுங்க. சுடுதண்ணி மட்டும் ஆகாது, வளைஞ்சிடும்” என்றாள் டாக்டரம்மா. எனக்குப் படிப்புதான் ஏறாது. காதில் விழுந்தது மனசை விட்டு இறங்காது.

கிளிப்பு போட்ட பிறகும் பெண் சிரிக்கவில்லை. பொங்கலுக்கு வந்த நாத்தனார் அவளையும், “சின்னத் துருவி, இங்க வாடி” என்று கூப்பிட்டிருந்தாள். பள்ளிக்கூட போட்டோவில் உதட்டை மூடி, கோணி தைத்த மாதிரி நின்றாள் பிள்ளை.

இதில் கூத்து என்னவென்றால், நாத்தனாருக்கே கிளிப்பு வந்தது. முன்பல் ஒன்று விழுந்து, பக்கத்துப் பற்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. கூடுவாஞ்சேரியில் அவள் மகன் டாக்டரிடம் காட்டி, பொய்ப்பல் ஒன்று சேர்த்து வைத்த கிளிப்பு மாட்டிவிட்டான். பேரன் கல்யாணத்தில் பல்லெல்லாம் தெரிய நிற்க வேண்டுமாம்.

கல்யாணம் கடப்பாக்கத்தில், பெண் வீட்டு ஊரில். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவளுக்கு. டப்பா கொண்டுவரவில்லை. கிளிப்பைக் கழற்றி இலை ஓரத்தில் வைத்து, ஒரு அப்பளத்தால் மூடினாள். பாயசம் குடிக்கும்போது, “போட்டோக்கு வாங்க!” என்று குரல் வந்தது. நல்ல காரியமாயிற்றே என்று இலையைப் பதவிசாகத் தன் பக்கம் மடித்துவிட்டு எழுந்தாள். கிளிப்பும் உள்ளே.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கைகழுவப் போனதும் இலையைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். கொடுக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக.

கொடுக்கப் போனால், மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலில் பட்டுப்புடவையோடு குனிந்துகொண்டிருந்தாள். ஒரு கை குவியலில், ஒரு கை வாயில். என் பேத்தி ஓடிவந்து, “இன்னா தேடுற பெரியாயா? நானும் தேடட்டா?” என்றாள்.

“போடி தேங்கா துருவி! உன் பல்லத் தூக்கினு அப்பால போ!”

பிள்ளை முகம் செத்துப்போனது. நான் கையை மூடிக்கொண்டு நேராக டீ அடுப்புக்குப் போனேன். “நல்லா கொதிக்கிற தண்ணியா ஒரு சொம்பு குடு அண்ணாத்த” என்று கேட்டு வாங்கி, கிளிப்பை உள்ளே போட்டுவிட்டு, நிதானமாக வெற்றிலை மடித்துப் போட்டேன்.

அப்புறம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “அண்ணி, கெடச்சிடுச்சி! கழுவிக் கொண்டாந்துட்டேன்.”

ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் தூக்கியது. அழுத்திப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. “ஏன்டி ஏற மாட்டுது?”

“வயசாவுதில்ல அண்ணி? வாய் சுருங்கிடுச்சி போல.”

மேடையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், நான் இத்தனை காலம் நின்ற மாதிரியே. பேத்தியை இழுத்து எனக்கு முன்னால் நிறுத்தினேன். “பெரியாயாவப் பாரு. பாத்துட்டு சிரி” என்றேன். பார்த்தாள். சிரித்தாள், கம்பி பளபளவென்று தெரிய. நானும் முந்தானையைக் கீழே விட்டுவிட்டுத் துருவி முழுவதையும் காட்டினேன்.

எதிர்வீட்டுக்காரிக்கும், பேச்சு கேட்டு வந்த மற்றவர்களுக்கும் சொன்னது இதுதான்: “எச்சி எலைல கெடந்துச்சேன்னு சுடுதண்ணில சுத்தமா கழுவிக் குடுத்தேன்மா. அது வளையும்னு எனக்கு இன்னா தெரியும்? நான் படிச்சவளா?”