பேசாத நாலு வாரம்

என் தங்கை எங்கள் வீட்டில் முதன்முதலாக வாய் திறந்து சொன்ன வார்த்தை "பேசாதேங்கோ" என்பது. அப்போது அவளுக்கு ஏழு வயது. பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டாம் மாடி வீட்டில், சமையலறைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, காதுகள் இரண்டையும் உள்ளங்கைகளால் பொத்தியபடி அதைச் சொன்னாள். காலடியில் எவர்சில்வர் டம்ளர் உருண்டு கிடந்தது. பால் தரையில் ஓடி கேஸ் சிலிண்டருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அப்பா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். பால் கொட்டிவிட்டதே என்று வெளிறிப் போயிருந்த குழந்தையிடம், "பரவால்ல கண்ணு, இங்க வா. மாமாகூடப் பேசு, நம்ம ரெண்டு பேரும் பேசலாம்," என்று அவர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அதற்குத்தான் அவள், "பேசாதேங்கோ மாமா, பேசாதேங்கோ," என்று நடுங்கினாள். வந்து மூன்று நாட்களாகத் தலையை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை.

அவள் என் அம்மாவின் தம்பி மகள். அம்மாவும் மாமாவும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். சுரங்கம் மூடிய பிறகு எல்லா வீட்டுப் பையன்களையும்போல மாமாவும் வேலை தேடி வெளியே போனார். மற்றவர்கள் பெங்களூர் ரயிலைப் பிடித்தபோது அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எலெக்ட்ரீஷியனாக இருந்தபோது, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, கொஞ்ச வருடம் கழித்து அந்தப் பெண்ணின் ஊருக்கே குடிபோய்விட்டார். ஒரு நாள் காலையில் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். எதிரே வந்த லாரி அவர்களைத் திரும்பி வரவிடவில்லை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அங்கே அவளை வைத்துக்கொள்ள நெருங்கிய சொந்தம் யாருமில்லை. ஒரு கன்னியாஸ்திரீ நடத்திய விடுதியில் சேர்த்தார்கள்.

அம்மா கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்க நாற்பது தையல் மெஷின்களின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவருக்குப் பேச்சென்றாலே அலுப்பு. அம்மா, "தம்பி பொண்ண நாமளே வச்சிக்கலாமாங்க?" என்று கேட்டபோது, "பின்ன இன்னா, கூட்டிக்கினு வா," என்று மட்டும் சொன்னார். கூட்டிக்கொண்டு வருவது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த நாட்டுக் கோர்ட், இந்த நாட்டு ஆபீஸ், மருத்துவச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ் என்று இரண்டு வருடம் அம்மா அலைந்தார். வேறு நாட்டிலிருந்து தத்து வந்த குழந்தை என்பதால், வந்த பிறகும் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்த்து, பிள்ளை ஒட்டிக்கொண்டாளா இல்லையா என்று அறிக்கை எழுதுவார் என்றார்கள்.

அப்பாவோடு பிறந்தவளை அத்தை என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பிள்ளையின் ஊரில் அந்த உறவுக்கு மாமி என்று பெயர். விமான நிலையத்திலேயே அவள் என் அம்மாவை "மாமி" என்றுதான் கூப்பிடப்போகிறாள் என்று விடுதியை நடத்திய மதர் போனில் சொல்லியிருந்தார். கீழ்வீட்டு அம்மா அதைக் கேள்விப்பட்டு, "ஐயர் வீட்டுப் பொண்ணா? கோழியெல்லாம் சாப்பிடுமா?" என்று கவலையோடு விசாரித்தார். நாங்களோ ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய்விட்டு வழியிலேயே கறி வாங்கி வருகிற குடும்பம்.

பால் கொட்டிய மறுநாள் மேடம் வந்தார். கன்னடக்காரர், தமிழ் ஓரளவு பேசுவார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "குழந்தே ரொம்ப பயந்திருக்கு. ஸ்வல்ப டைம் கொடுங்கம்மா. அவளே பேச வேணாம்னு சொல்றா இல்ல? அவளா வந்து பேசற வரைக்கும் நீங்க யாரும் பேசவேணாம்," என்றார். படியிறங்கும்போது அம்மாவைத் தனியாக அழைத்து, இப்படியே போனால் பிள்ளை இங்கே ஒட்டவில்லை என்றுதான் தன்னால் எழுத முடியும் என்றும் சொன்னார். அம்மா அன்று மாலைவரை அதை எங்களிடம் சொல்லவில்லை.

அப்படித்தான் எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று ஒரு நோன்பைப்போல அதைக் கடைப்பிடித்தோம். அம்மா சாப்பாட்டுத் தட்டை அவள் முன்னால் வைத்து, சிரித்து, கையால் சாப்பிடு என்று காட்டுவார். நாற்பது மெஷினை அடக்குகிற குரல் தொண்டையிலேயே அடைபட்டுக் கிடந்தது. அப்பா செருப்பை வாசலுக்கு வெளியேயே சத்தமில்லாமல் கழற்றுவார். அவள் தூங்கினால் போர்த்திவிடுவார், அவளுடைய ஷூவைத் துடைத்து வைப்பார், ஒரு வார்த்தை கிடையாது. நாங்கள் எங்களுக்குள் பேசவேண்டியிருந்தால் பால்கனிக்குப் போனோம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. உண்மையைச் சொன்னால் அந்த அமைதி எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பதினைந்து வருடம் தனிப்பிள்ளையாக இருந்தவளின் கட்டிலில் பாதியும் மேசையில் பாதியும் போயிருந்தன. ஒரே போர்வைக்குள் படுத்திருந்தும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள எனக்கு இப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. அவள் முதுகு என் முதுகில் பட்டும் படாமலும் இருக்கும். அந்தச் சின்ன முதுகு தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதரிடமிருந்து போன் வரும். அவள் போனை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் ரகசியமாகப் பேசுவாள். நாலாவது ஞாயிறு, மதர் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பேச்சை என்னால் இன்றும் அப்படியே சொல்ல முடியும்.

"பிள்ளையை ஏன் எல்லாருமாச் சேந்து பேசுறியள்? அவள் பாவமெல்லே?" மதரின் குரலில் கண்டிப்பு இருந்தது.

"அய்யோ, இல்லிங்க மதர்! நாங்க யாரும் பேசறதே இல்ல. நாலு வாரமாச்சு, ஒரு வார்த்த பேசல."

"அது நல்லது. பேசக் கூடாது. ஆனால் பிள்ளையோட கதைக்க வேணுமெல்லே?"

"எனக்குக் கதையெல்லாம் சொல்லத் தெரியாதுங்க மதர். வேணும்னா புக்கு வாங்கிப் படிச்சுக் காட்டறேன்."

"கதை சொல்லுறதில்லை. கதைக்கிறது. இப்ப நீங்களும் நானும் கதைச்சுக்கொண்டு இருக்கிறம், இது."

"இதுங்களா? பேசிக்கினு இருக்கோமே, இதுவா?"

"நான் உங்களைப் பேசேல்லையே! உங்களை நான் எதுக்குப் பேசப்போறன்?" என்று பதறிய மதர், சட்டென்று நிறுத்தினார். பிறகு மெதுவாக, "கர்த்தரே," என்றார். "அம்மா, எங்கட ஊரில பேசுறது எண்டால் ஏசுறது. திட்டுறது. விளங்குதோ? நீங்கள் 'வா பேசலாம், வா பேசலாம்' எண்டு பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறியள்."

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. விமான நிலையத்தில் நாங்கள் பூங்கொத்தோடு நின்று, "எங்ககூடப் பேச மாட்டியா?" என்று கேட்டது. காரில், "வீட்டுக்குப் போனதும் நிறைய பேசணும்," என்று அம்மா ஆசையாகச் சொன்னது. இரண்டாம் நாள் நான், "சும்மா உட்காராத, ஏதாச்சும் பேசு," என்றது. பால் கொட்டியபோது அப்பா சொன்னது. புது நாட்டில், புது வீட்டில், மூன்று பெரிய மனிதர்கள் மாறி மாறிச் சிரித்த முகத்தோடு அவளைத் திட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கெஞ்சியதும் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயை மூடிவிட்டார்கள். "எல்லாரும் என்னோட கோவம்," என்று அவள் மதரிடம் அழுதிருக்கிறாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய கவுன் விளிம்பு தெரிந்தது. முதலில் எழுந்தது அப்பாதான். போய் அவள் முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அந்த வார்த்தையை வாயில் வைத்துச் சரிபார்ப்பதுபோல ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, "கண்ணு, மாமா உங்கூடக் கதைக்கலாமா?" என்று கேட்டார்.

அவள் அவரையே பார்த்தாள். "ஓம்," என்றாள்.

அது அவள் ஊரில் ஆமாம் என்று மதரே சொல்லியிருந்தார். அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அப்பாவிடம் சொல்ல ஒன்றும் இல்லை. வாழ்நாளில் அவர் யாரிடமும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு, பஸ்ஸில் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். ட்ரைவர் மிதித்தால் எங்கே காற்று போகும், எது எதை அழுத்தும், மழையில் ஏன் வழுக்கும் எல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "லொறிக்கும் அப்பிடித்தானோ மாமா?" என்று கேட்டாள். அப்பா முகம் மாறியது. "லாரிக்கும் அப்படித்தான் கண்ணு," என்றார். "சில நேரம் பிடிக்காது." அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவர் கையை அவள் விடவில்லை. அன்று இரவு நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை மேடம் வந்தபோது தங்கை அவரிடம் அரை மணி நேரம் ஓயாமல் கதைத்தாள். மேடத்துக்குப் பாதிதான் புரிந்தது. "இவ தமிழ் எனக்கு வேற மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கா," என்று சிரித்துக்கொண்டே எழுதிப்போனார். அவ்வளவில் பயம் தீர்ந்தது என்றுதான் நினைத்தோம்.

இன்று அவளுக்கு இருபது வயது. பார்மசி படிக்கிறாள். ஆட்டோக்காரரிடம் கன்னடத்திலும் கல்லூரியில் ஆங்கிலத்திலும் எங்களிடம் எங்கள் தமிழிலும் சரளமாகப் பேசுகிறாள். அம்மாவை மட்டும் மாமி என்றுதான் அழைக்கிறாள். மாற்றிக் கூப்பிடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணமாகி நான் வேறு ஏரியாவுக்கு வந்துவிட்டேன். அவளை நினைக்கும்போதெல்லாம், அவள் எங்களிடம் வந்து ஏழெட்டு மாதமான ஒரு சனிக்கிழமைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

முந்தின நாள் ராத்திரி அம்மா, பிரெட் தீர்ந்துபோனது என்று சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்து பார்த்தால் இவளைக் காணோம். மாடி, கீழ்வீடு, தெருமுனை எங்கும் இல்லை. அம்மா தலைமுடியை அள்ளி முடியக்கூட நிற்காமல் ஓடினார். லாரியும் டேங்கரும் பறக்கிற மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேக்கரியிலிருந்து, பிரெட் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்தபடி தனியாகச் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாளாம். வீட்டுக்கு வரும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் தொழிற்சாலைக் குரல் வெடித்தது. "அறிவிருக்காடி உனக்கு? யாரக் கேட்டுடி ரோட்டத் தாண்டின? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னாடி பண்ணுவேன்?" திட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே திட்டினார். எங்கள் வீட்டில் அவள் முதன்முதலாக வாங்கிய திட்டு. கீழே தொழிற்சாலை வேன் ஹாரன் அடித்தது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேன் போவதைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கி கேட் ஓரம் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மத்தியான வெயிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா சும்மா திட்டுவாங்க, மனசுல ஒண்ணும் வச்சிக்க மாட்டாங்க," என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அண்டைக்கும் அம்மா என்னைப் பேசிப்போட்டுத்தான் அக்கா வேலைக்குப் போனவ. பால் ஊத்திப்போட்டன் எண்டு."

அவளைப் பெற்ற அம்மா கடைசியாக வேலைக்குப் போன அந்தக் காலையைத்தான் சொன்னாள். பேசுவதைக் கண்டு அவள் ஏன் அப்படி நடுங்கினாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அம்மா வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது. நான் உள்ளே போய் ஒரு தட்டில் சோறு பிசைந்து எடுத்து வந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டாள், அதற்கு மேல் இறங்கவில்லை. இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஆறு மணிக்கு வேன் வந்து நின்றது. அம்மா களைத்த முகத்தோடு இறங்கினார். கேட்டருகே எங்கள் இருவரையும் பார்த்துத் திகைத்து நின்றார். அவள் எழுந்து, அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"வந்திட்டியள், மாமி," என்றாள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதிலிருந்தோ, அந்தக் குழந்தையின் குரலிலிருந்தோ, எதிலிருந்து புரிந்துகொண்டாரோ தெரியாது. பையைக் கீழே போட்டுவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வராம எங்கடி போவேன்? காலையில பாதிதான் உன்னப் பேசினேன். மீதிய யாரு வந்து பேசறது?"