பூதலூரில் பசுவைக் கரைக்கப் போனோம்

தை அறுவடை முடிந்த கையோடு, என்னிடம் வேதியியல் படித்த பர்வீன் போன் செய்தாள். "சார், நாளைக்கு பூதலூர் பக்கத்துல செயல்விளக்கம். வைக்கோலும் கொட்டகையும் தர்றதா வேணாமான்னு செல்வராசு அண்ணன் நாளைக்குத்தான் முடிவு சொல்வாரு. நீங்க சும்மா வந்து நில்லுங்க, போதும்." ஓய்வூதியக்காரனுக்கு நிற்பது பெரிய காரியமா?

தஞ்சாவூரிலிருந்து காலை பாசஞ்சரில் பத்து ரூபாய். அரை மணியில் பூதலூர். அங்கிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது.

"மாடு கரைக்கிற எடம்தானே சார்?" என்றார் ஓட்டுநர்.

"மாடா?"

"ஊரே அங்கதான் நிக்குது. எங்க வீட்ல இன்னிக்கு மாட்டையே அவுக்கல."

கொட்டகை வாசலில் ஃபிளெக்ஸைப் பார்த்ததும் புரிந்தது. நச்சு குறைந்த கரைப்பான் என்பதற்காக 'பசுமைக் கரைப்பான்' என்று பர்வீன் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அச்சுக்கடைக்காரர் 'மை'யை 'வை'யாக்கிவிட்டார். 'பசுவைக் கரைப்பான் – நேரடிச் செயல்விளக்கம்' என்று ஆளுயர எழுத்து.

"ஏம்மா, கொம்போட கரையுமா, கொம்பு மட்டும் மிஞ்சுமா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. நிலத்துக்காரர் செல்வராசு சிரிக்கவில்லை. "எழுத்தை விடும்மா. எதைக் கரைச்சாலும், கரைச்சதை எங்க ஊத்துவ? எங்க வாய்க்கால்லயா?"

பர்வீன் அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு பொடி யூரியா. இன்னொன்று கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு. சொட்டுத் தண்ணீர் விடாமல் சூடாக்க, இரண்டு பொடியும் சேர்ந்து தெளிந்த திரவமாயின.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஓம உப்பு, புதினா உப்பு, பச்சைக் கற்பூரம் மூணையும் ஒரே சீசாவில போட்டா தானா தண்ணியாகும்ல? வயித்துவலிக்குச் சர்க்கரையில விட்டுக் குடுப்போமே, அதே வித்தைதான்!" என்றேன். பல தலைகள் ஆடின.

"வயித்துவலி மருந்தை யாரும் வாய்க்கால்ல ஊத்த மாட்டாங்க சார்," என்றார் செல்வராசு.

பர்வீன் நேராகவே சொன்னாள். "வைக்கோல்லேர்ந்து பிரிச்ச செல்லுலோஸை இதுல சூடுபண்ணா நார் லேசாப் பிரியும்ணே. பிளாஸ்டிக் பூசாத பார்சல் பேப்பர் செய்யலாம். அந்த நாரைக் கழுவின தண்ணியை வத்தக் காய்ச்சினா கரைப்பான் திரும்பக் கிடைக்கும். ஆனா முழுசாக் கிடைக்காது. கொஞ்சம் கழிவு மிஞ்சும்."

"மிஞ்சினது?"

"டிரம்ல சேத்துவெப்பேன். வாய்க்காலுக்குச் சொட்டு வராது."

செல்வராசு கொட்டகை மூலையில் இருந்த டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "எல்லாம் திரும்பிடும்னு சொல்லியிருந்தீன்னா, இப்பவே கிளம்புன்னு சொல்லியிருப்பேன். ஒரு போகத்து வைக்கோலை எடுத்துக்க. கொட்டகைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்டதான் இருக்கும்." பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அடுப்புப் புகை என்றாள். அடுப்பு கேஸ் அடுப்பு.

எந்தப் புது ரசாயனத்திடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அவருடையதுதான். போக நினைப்பவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்கும். திரும்புவதற்கு ஆட்டோ கிடைக்காது, வந்ததையே நிறுத்திவையுங்கள். பர்வீனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதாது, செல்வராசுவிடமும் கேளுங்கள். சுற்றிக்காட்ட அவரே வருவார். முதலில் டிரம்மைத்தான் காட்டுவார்.