எந்த வீட்டுப் பேய்?

தூராவைப் பற்றிக் குறை சொல்ல அந்தத் தெருவில் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. குப்பையை ஒழுங்காகப் பிரித்து அதற்குரிய நாளில் வைப்பான். மாடிப்படியில் பூனை போல ஏறுவான். எதிரில் யார் வந்தாலும் தலை குனிந்து வணங்குவான். இப்படிப்பட்டவனைத் தெருவில் எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் ஒருவருக்கும் அவனைத் தெரியாது. பர்மாவின் பத்தேயினிலிருந்து ஜப்பானில் தோயாமாவின் பனிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கடைகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டி அனுப்பும் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்க ஊருக்கே சோறு கட்டுகிறவன், தன் சோற்றைச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான்.

வந்த புதிதில் கடையில் ஒரு சோற்று உருண்டை வாங்கினான். அதன் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாக ஏதோ ஒட்டியிருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிட்டுப் பட்டினியாகப் படுத்தான். அது மெல்லிசாகச் சீவிய கடற்பாசி என்றும், தோயாமாக்காரர்களுக்கு அது இல்லாத உருண்டை தொண்டையில் இறங்காது என்றும் அவனுக்குத் தெரிய மூன்று மாதம் பிடித்தது. பக்கத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

ஒரே ஒரு முறை, ஊர் நினைப்பு தாங்காமல், அம்மா அனுப்பிய இறால் விழுதை எண்ணெயில் வதக்கினான். மறுநாள் மாடிப்படிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருந்தது. சமையல் வாசனையில் அனைவரும் கவனமாக இருக்கும்படி மிகப் பணிவான வேண்டுகோள். பெயர் எதுவும் இல்லை. பெயர் போடாமல் சொல்வதுதான் இங்கே மரியாதை. நேரில் வந்து திட்டியிருக்கலாமே என்று தூராவுக்கு ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்காகவாவது ஒருவர் அவன் கதவைத் தட்டியிருப்பார் அல்லவா?

பிப்ரவரி பிறந்தால் தொழிற்சாலையில் மூச்சுவிட நேரமிருக்காது. குளிர்காலம் முடிகிற நாளில் வரும் பண்டிகைக்காக, முழங்கை நீளத்துக்குச் சோற்றுச் சுருள்கள் உருட்டித் தள்ள வேண்டும். அன்று சாயங்காலம், பேய் வேஷம் கட்டிய அப்பாவைப் பிள்ளைகள் வறுத்த சோயாவை வீசித் துரத்துவார்கள். பிறகு வீட்டில் எல்லோரும் அந்த வருஷத்து ராசியான திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு சுருளை வாய் பேசாமல் தின்று தீர்ப்பார்கள். நடுவில் பேசினால் பாக்கியம் போய்விடும். மிஞ்சிய சுருளை வருஷா வருஷம் தூரா அறைக்குக் கொண்டுபோய்த் தின்றான். பேசாமல் தின்னும் அந்த நோன்பை அவன் அளவுக்குச் சுத்தமாக யாரும் நடத்தியிருக்க முடியாது. பாக்கியம்தான் வந்த பாடில்லை.

இந்த வருஷம், பக்கத்தில் நின்று முட்டை நறுக்கும் ஒகுமா சானயே என்பவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"தூரா, நாளைக்குச் சாயங்காலம் சும்மாதானே இருப்பீங்க?"

"ஆமா. எப்பவும் சும்மாதான்."

"அப்ப எங்க வீட்டுக்கு வாங்களேன். எங்க வீட்டுக்காரர் ஹொக்காய்டோ வேலையில மாட்டிக்கிட்டார். பேய் வேஷம் கட்ட ஆளே இல்ல. பேய் வராம என்ன பண்டிகைன்னு ரெண்டு பொண்ணுங்களும் உயிரை வாங்குதுங்க."

சாப்பிட வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. இங்கே எந்த அழைப்பிலும் பாதியைச் சொல்லாமல்தான் விடுவார்கள். அந்தப் பாதிதான் தூராவுக்கு இன்றுவரை எட்டவில்லை. தன்னை விருந்தாளியாகக் கூப்பிட்டாளா, அல்லது அரை மணி நேரத்துக்குப் பேயாக இரவல் கேட்டாளா? அன்றிரவு முழுக்க அதையே நினைத்துப் புரண்டான்.

மறுநாள் ஒரு பெட்டி ஆரஞ்சோடு போனான். ஆறு வருஷத்தில் அவன் நுழைந்த முதல் வீடு. அவன் கழற்றிய காலணியைச் சானயே குனிந்து எடுத்து, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். விருந்தாளிக்கு இங்கே செய்யும் மரியாதை அது என்று தெரியாமல், சீக்கிரம் கிளம்பத் தோதாக வைக்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அடுப்பில் குழம்பு கொதித்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டான்.

"மாமா, நிஜப் பேய் மாதிரி கத்தணும்! அப்பா சும்மா இருமுவார்" என்றாள் பெரியவள் சிஹோ.

முகமூடியை மாட்டிக்கொண்டு கத்தினான். தன்னிடம் இத்தனை பெரிய குரல் இருப்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. பெண்கள் இரண்டு பேரும் வீல் என்று அலறிக்கொண்டு வறுத்த சோயாவை வீசினார்கள்.

"பேயே, வெளியே போ! பாக்கியமே, உள்ளே வா!"

கூடத்திலிருந்து வாசல் வரை துரத்தினார்கள். காலணி திரும்பித்தான் இருந்தது, கால் நுழைத்து ஓட வசதியாகப் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே ஒரே சிரிப்பு.

தூரா பனியில் நின்றான். மேலங்கி உள்ளே. வந்த வேலை முடிந்தது. வெளியே போ என்றார்கள், வந்தாகிவிட்டது. இனி மணி அடித்தால் குழம்பு வாசனைக்கு வந்து நிற்கிறான் என்று நினைக்க மாட்டார்களா? மேலங்கியை நாளைக்கு வேலையில் வாங்கிக்கொள்ளலாம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகமூடி இருந்ததே என்று நிம்மதியாக இருந்தது. அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் இன்னொரு பேய் நின்றிருந்தது. சிவப்பு முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்ன, உங்களையும் துரத்திட்டாங்களா?" என்றது.

"ஆமா."

"என் பையன் கண்ணைப் பார்த்தே அடிக்கிறான், படவா. ஆமா, நீங்க எந்த வீட்டுப் பேய்?"

 தூராவிடம் எந்த நாடு, எந்த விசா, எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். எந்த வீடு என்று யாரும் கேட்டதில்லை.

"ஒகுமா வீடு" என்றான் மெதுவாக.

"அப்ப ஏன் அந்தப் பக்கம் போறீங்க? உடனே உள்ள போனா பிள்ளைங்களுக்குப் பயம் விட்டுப்போயிடும். ரொம்ப நேரம் நின்னா குழம்பு ஆறிப்போயிடும். என் கணக்கு ஒரு சிகரெட்." கடைசி இழுப்பை இழுத்துவிட்டு அவர் தன் வீட்டு மணியை அடித்தார். "போங்க, போங்க. இந்தக் குளிர்ல பேய்க்கே காய்ச்சல் வந்துடும்."

தூரா திரும்பி வந்தான். மணியில் விரலை வைத்தவன் எடுத்தான். பிறகு அழுத்தினான்.

"யாரு?" என்றது சானயேயின் குரல்.

முழுப் பெயரையும் கம்பெனியையும் சொல்ல வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்று வந்தது.

"கதவு பூட்டாமத்தானே இருக்கு! எங்க போயிட்டீங்க இவ்வளவு நேரம்? இதுங்க பசியில தட்டைக் கடிக்குதுங்க."

மேஜையில் நான்கு சுருள்கள் இருந்தன. சிஹோ அவன் தோளைப் பிடித்து ராசியான திசைக்குத் திருப்பிவிட்டு, வாயில் விரலை வைத்து எச்சரித்தாள். அந்த வருஷமும் தூரா ஒரு வார்த்தை பேசாமல்தான் சாப்பிட்டான். பக்கத்தில் மூன்று பேர் மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.