லிஃப்ட்டக்காவின் படிகாரக் கட்டி

ஆறு மாடித் துணிக்கடை ஒன்றில் பதினோரு வருஷமாக லிஃப்ட் ஓட்டுகிறவள் அவள். கடையில் எல்லோருக்கும் லிஃப்ட்டக்கா. எட்டுப் பேர் நிற்கிற கூண்டு, மூலையில் ஒரு ஸ்டூல்; காலை பத்திலிருந்து மாலை ஏழுவரை அங்கேதான். ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்த மாடி என்று சொல்லிவிடுவாள். "கல்யாணத் துணிதானே? நாலாவது. இவ்வளவு சண்டை போட்டுக்கிட்டு வேற எதுக்கு வரப்போறீங்க?" என்பாள். சண்டைக்காரர்களே சிரித்துவிடுவார்கள்.

அந்தக் கோடையில் கூண்டின் மேலிருந்த ஃபேன் நின்றுபோனது. அதே மாதம் புதுச் சீருடையும் வந்தது. கழுத்துவரை பொத்தான் வைத்த, பளபளக்கும் பாலியெஸ்டர் சட்டை. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. போட்டால் பாலித்தீன் பைக்குள் புகுந்த மாதிரி. ஃபேனைப் பற்றி மூன்று தடவை போய்ச் சொன்னாள். மேனேஜர் தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் அவரே கூப்பிட்டனுப்பினார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். மேஜைமேல் புகார்ப் புத்தகம் திறந்து கிடந்தது. 'லிஃப்டில் வியர்வை நாற்றம் தாங்கவில்லை' என்று யாரோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்று ஒரு ஸ்ப்ரே டப்பாவை நீட்டினார். "மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிச்சுக்குங்க. பக்கத்துல நிக்கறவங்களுக்கு வாசனை தெரியணும்."

அவள் முகம் சுண்டிப்போனது. தினமும் இரண்டு வேளை குளிக்கிற உடம்பு அது. அன்று முழுக்கக் கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். நாலாவது மாடிக்காரர்களின் சண்டை அவள் காதில் விழவே இல்லை.

நாலே நாளில் இரண்டு அக்குளும் சிவந்து கொப்புளமாகிவிட்டன. சட்டை உரசினால் உயிர் போயிற்று. ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்து தடவினாள். குளியலறையில் அவள் குதித்த குதியில் கணவர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

கணவருக்குத் தெருமுனையில் ஒற்றை நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை. அவள் கையைத் தூக்கிக் காட்டியதும், "சமையலை அடுப்புல பண்ணு, அக்குள்ல பண்ணாதே," என்றார். "முதல்ல ஒண்ணும் போடாம ஆறவிடு."

பத்து நாள் தண்ணீரும், சட்டைக்குள் ஒரு பருத்தி பனியனும்தான். புண் ஆறித் தோல் சரியானதும், சவரம் முடிந்து கன்னத்தில் தேய்ப்பாரே, அந்தப் படிகாரத்தில் புதுக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "குளிச்சதும் இதை நனைச்சு ரெண்டு இழுப்பு. வேர்க்கத்தான் செய்யும். ஆனா நாறாது."

முதல் நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் பனியனைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். "பொய் சொல்லக்கூடாது."

அவர் இரண்டு தடவை முகர்ந்தார். "சோப்பு வாசனைகூட இல்ல."

அடுத்த வாரம் மேனேஜர் லிஃப்டில் ஏறினார். "ஸ்ப்ரே அடிக்கறதில்லையா?"

"புண்ணாயிடுச்சு சார். படிகாரம் தேய்க்கறேன். நாத்தம் வருதா, நீங்களே சொல்லுங்க."

"நாத்தம் வரல. வாசனையும் வரலியே."

மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். கடை கொடுக்கும் ஸ்ப்ரேயைத் தவறாமல் உபயோகிக்கச் சம்மதம் என்று அச்சடித்திருந்தது. படித்துப் பார்த்துச் சொல்வதாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்தைப் போட்டுத் தொலையேன்," என்றார் கணவர். "அடிக்கறியா இல்லையான்னு யார் வந்து பார்க்கப்போறா?"

"நான் பார்ப்பேனே," என்றாள். "கொப்புளம் என் தோல்ல வந்துது. அவங்க தாள்லயா வந்துது?"

மறுநாள் மேனேஜர் மேஜையில் தாளையும் டப்பாவையும் சேர்த்து வைத்தாள். "நாறாம வர்றது என் பொறுப்பு சார். அதை ஒழுங்கா செய்யறேன். மணக்கணும்னு சொல்ல உங்களுக்கு உரிமையில்ல."

"அப்ப வேற ஆளைப் போட வேண்டியதுதான்."

"தாராளமா போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு மணி நேரம் என்கூட லிஃப்ட்ல நில்லுங்க. வர்ற ஆளு கேட்டா விவரம் சொல்லணும்ல?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டும் டையுமாக அப்போதே வந்து நின்றார். சனிக்கிழமை மத்தியானம், கூண்டு நிறையக் கூட்டம். கால் மணி நேரத்தில் டை தளர்ந்தது. அரை மணியில் கோட்டு கைக்கு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் எப்போதும்போல் கையை நன்றாக உயர்த்திப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். துணி மூட்டையோடு ஏறிய ஒரு பெரியவர் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பக்கமாக நகர்ந்தார். "தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க" என்றார்.

அவள் சிரிப்பை அடக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் ஐந்தாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை எலக்ட்ரீஷியன் வந்து புது ஃபேன் மாட்டினார். வேறு ஆள் வரவில்லை, தாளும் திரும்பி வரவில்லை. மேனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மாதம் படியேறியே போனார். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை.

விஷயம் மாடி மாடியாகப் பரவியது. விற்பனைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக லிஃப்டில் ஏறிக் காதோடு கேட்டார்கள். கணவர் பெரிய கட்டியைச் சுத்தியால் உடைத்துத் துண்டு துண்டாகக் கொடுத்தனுப்பினார். மூன்றாவது மாடிப் பெண் ஒருத்திக்கு மட்டும் படிகாரம் ஒத்துக்கொள்ளவில்லை, அரித்தது. தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, கோவிச்சுக்காதீங்க, நான் பழைய ஸ்ப்ரேக்கே போயிடறேன்," என்றாள்.

"எனக்கு என்னடி கோவம்?" என்றாள் லிஃப்ட்டக்கா. "உன் அக்குள், உன் இஷ்டம்."