இசக்கியண்ணன் முதலிடம் கொடுத்த படம்

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே போனைப் பார்த்தபோது ஒரு வீடியோ வந்தது. பேய், போலீஸ், கோர்ட், கல்யாணக் கூத்து என்று எதை எடுத்தாலும் வெளுத்துக்கட்டிய ஓர் இயக்குநரின் படங்களை வரிசைப்படுத்தியிருந்தார்கள். பெயர் வேண்டாம், சொன்னால் நீங்களும் உங்கள் பட்டியலோடு சண்டைக்கு வருவீர்கள். முதலிடத்தில் அந்த உப்பளத்துப் படம். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

திருப்பூரில் அது ஒரு வாரம்கூட ஓடவில்லை. வசனமே கிடையாது. புருஷனும் பொண்டாட்டியும் உப்பு வாருவார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், வெயில் அடிக்கும். இடைவேளையில் முறுக்கு வாங்க வந்த நான் திரும்ப உள்ளே போகவில்லை. என் ரசனை அந்த லட்சணம்.

அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங்கில் இருந்தேன். சாயத்துணி நெடியும் புளிசாத வாசனையும் கலந்த சாப்பாட்டு நேரத்தில், அட்டைப்பெட்டி மேல் சாக்பீஸால் இந்த இயக்குநரின் படங்களை வரிசையாக எழுதுவோம். எனக்கு அந்தக் கல்யாணக் கூத்துப் படம்தான் முதல். அதன் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். இசக்கியண்ணன் மட்டும் தினமும் அதை அழித்துவிட்டு உப்பளத்துப் படத்தை உச்சியில் எழுதுவார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பத்து வருஷம் பக்கத்து மங்கலத்தில் விசைத்தறி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர்.

"அதுல பேச்சே தேவையில்லடே. எல்லாம் மூஞ்சியிலயே இருக்கு" என்பார்.

ஊர்ப்பாசம் என்று கேலி செய்வோம். கல்யாணக் கூத்துக்கு ஏன் கடைசி இடம் என்றால், "சிரிப்பே வரல" என்பார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்த படம்!

அந்த மாதம் அவரை சூப்பர்வைசர் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து அழைத்துவர அண்ணன் வாடகைக்கு வீடுகூடப் பார்த்துவிட்டார். ஒருநாள் அவரைச் சிரிக்கவைத்தே தீருவது என்று, முதுகுக்குப் பின்னால் நின்று கல்யாணக் கூத்து வசனத்தைக் கத்தினேன். எல்லாரும் சிரித்து உருண்டார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இன்னும் சத்தமாகக் கத்தினேன். திரும்பவில்லை.

"அண்ணனுக்குக் காது அவுட்டுங்க!" என்றேன். கண்டுபிடித்த குஷி எனக்கு. வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. அண்ணன் முன்னால் வந்து, "ஏனுங்க இசக்கி, சரக்கு வாங்குற பையர் ஆபீஸ்ல இருந்து போன் வந்தா எப்படிங்க பேசுவீங்க?" என்றார்.

"பேசிருவேன் மொதலாளி" என்றார் அண்ணன், அவர் உதட்டையே பார்த்தபடி. பிறகு என்னைப் பார்த்தார்.

தறிச் சத்தம் காதைத் தின்றிருக்கிறது. வேலை போய்விடும் என்று பயந்து, எங்கள் உதட்டசைவைப் பார்த்தே இத்தனை நாள் சமாளித்திருக்கிறார். அடுத்த வாரம் சூப்பர்வைசர் ஆனது நான். மறுக்கவில்லை. அதை மழுப்பவும் போவதில்லை.

அண்ணன் மங்கலத்துத் தறிக்கே போய்விட்டார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் காது தேவைப்படாது. இரண்டு வருஷம் கழித்துப் போனேன். அறுந்த இழையைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தார். "மன்னிச்சிருங்கண்ணா, எல்லாம் என்னாலதானுங்க" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். நிமிர்ந்து திரும்பியவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எப்ப வந்தடே? சாப்ட்டியா?"

முகத்துக்கு நேராக இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். "சாப்பிட்டேனுங்க" என்றேன்.

அந்தத் தறிக்கூடம் இன்று இல்லை. தியேட்டர் குடோனாகிவிட்டது. எங்கள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு இயர்போன். படத்துக்காக யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகள் இப்போது என் செக்‌ஷனில்தான் வேலை பார்க்கிறாள். அப்பாவின் கூட்டாளி என்று என்னைச் சித்தப்பா என்கிறாள். அவளிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.