மாம்பழ ஜூஸ் பாட்டில்

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புத்தகப் பையைத் தூக்குமுன், மாரண்டஹள்ளிப் பக்கம் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

பவித்ரா மூன்றாம் வகுப்பு. குத்தகை நிலத்தில் தக்காளி போடும் குடும்பம். எழுத்துக்கூட்டவே கூச்சப்படுவாள். புத்தகம் இல்லாத வீட்டில் நாங்கள் செய்வது ஒன்றுதான். சோப்புக் கவர், மசாலா பாக்கெட் என்று கண்ணில் படுவதையெல்லாம் படிக்கச் சொல்வோம். எழுத்தைப் படித்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று திறக்காமலே தெரியும் என்று அவளுக்கும் ஆசைகாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போனால், டீத்தூள் பாக்கெட்டைக் கடகடவென்று படித்துக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உள்ளே ஓடியவள் இரண்டு டம்ளரோடு வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கறீங்க டீச்சர், ஜூஸ் குடிங்க. நானே படிச்சுப் பாத்து எடுத்தாந்தேன்."

வாய்க்கருகே கொண்டுபோனதும் நெடி மூக்கில் ஏறியது. அதற்குள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த அவள் அம்மா சரோஜா பாய்ந்து என் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"தக்காளிக்கு அடிக்கற மருந்துங்க அது."

பவித்ராவின் கையில் இருந்த டம்ளரைப் பிடுங்கினேன். குடித்தாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க. டீச்சர் குடிச்சப்புறம் குடிக்கலாம்னு இருந்தேன்."

அந்த மரியாதைதான் அவள் உயிரைக் காப்பாற்றியது. கிணற்றடியில் அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

ஒரு கேன் மருந்து வாங்கிப் பக்கத்துக் காட்டுக்காரரோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது அங்கே வழக்கம். இவர்கள் பங்கை ஊற்றிவைக்க லேபிள் கிழிக்காத ஒரு பழைய மாம்பழ ஜூஸ் பாட்டில்தான் அகப்பட்டது; அதைப் பரணில் வைத்திருந்தார்கள். பரணில் இருப்பதைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்த்திருந்தார்கள். அவளும் தொட்டதில்லை. படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் முக்காலி போட்டு ஏறியிருக்கிறாள்.

சரோஜா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினேன். பவித்ரா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இதுலயாச்சும் எழுதியிருக்கறதுதான் உள்ள இருக்குதுங்களா?"

அவள் மறுபடி புத்தகத்தைத் தொடுவதற்குள் ஒரு தக்காளி வெள்ளாமையே முடிந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளையைப் படி என்று சொல்வதற்கு முன்னால் பரணைப் பாருங்கள்.