தள்ளினால் ஓடும் மொரிஸ் மைனர்

கிண்ணியாவில் ஆதம்பாவாவைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது தங்கள் உடம்பில் ஏதாவது ஓரிடத்தைத் தடவிக்கொள்வார்கள். ஒருவர் தாடையை, இன்னொருவர் விலாவை. இக்ராம் மூக்கை. அந்த மூக்கு இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பாலம் வருவதற்கு முன்பு தண்ணீர்க் கடவையைத் தாண்ட வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் இரும்புத் தட்டுப் படகு ஒன்று ஓடியது. பாதை என்று சொல்வார்கள். அதில் வரிசையைக் குழப்பி மோட்டார் சைக்கிளை முன்னால் விட்ட குற்றத்துக்கு இக்ராமுக்குக் கிடைத்த தண்டனை அது. ஆதம்பாவா அப்போது பாதையில் வேலைக்காரர். அதிகாரி யாரென்று கேட்டால் அதுவும் அவர்தான்.

பாலம் வந்தது, பாதை நின்றது. அந்த அடி மட்டும் நிற்கவில்லை. சீனன்குடாவில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலாளியாகப் போனார். அடித்தால் பாராட்டுக் கிடைக்கிற வேலை. மனுசனுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அரசாங்கமே நினைத்தாலும் உண்டாக்கிக் கொடுத்திருக்க முடியாது.

கெட்ட காலம் பெற்றோல் வரிசையில் வந்தது. நாடே தகரக் கானோடு தெருவில் கிடந்த அந்த வருடம், ஆட்டோக்கார அஸீம் தொழிற்சாலைக்குப் பெற்றோல் எடுக்க நின்ற தனக்கு முன்னால் புகுந்துவிட்டான் என்று ஆதம்பாவா அவனை ஆட்டோவிலிருந்து இழுத்துத் தார் வீதியில் போட்டு மிதித்தார். அஸீமின் தோள்பட்டை எலும்பு விலகிப்போனது. பொலிஸ், பள்ளிவாசல், சமாதானம் எல்லாம் நடந்தன. ஆனால் சந்தியில் நிற்கிற ஆட்டோக்காரர்கள் தங்களுக்குள் ஒரு முடிவெடுத்தார்கள். ஆதம்பாவா வீட்டுக்கு இனி ஒரு சில்லும் உருளாது.

அந்த முடிவின் விலையை ஆதம்பாவா கொடுக்கவில்லை, அவர் மகள் ஷிஃபானா கொடுத்தாள். புருசன் றிகாஸ் கட்டாரில். வயிற்றில் ஏழு மாதம். ஒரு பகல் அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. அவளைப் பெற்ற தாய், சித்தி பரீதா என்று பெயர், சந்திக்கு ஓடினாள். ஆட்டோக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெற்றோல் இல்லை என்றார்கள். ஒருவனிடமாவது இருந்திருக்கும். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஒரு உழவு இயந்திரத்தைத் தேடிப் பிடித்து அவளை ஏற்றியபோது பிள்ளை இல்லை.

ஆதம்பாவா அன்று சந்திக்குப் போய் மூன்று ஆட்டோக்களின் கண்ணாடியை உடைத்தார். பிறகு வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். அடுத்த பிள்ளை இந்த வீட்டிலிருந்து சொந்த வாகனத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று அப்போதுதான் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். ஊர் அவருக்குப் பயந்ததும் அதனால்தான்.

வாகன இறக்குமதி நின்று, பழைய தகரமும் தங்கமாகிவிட்ட நேரம். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி முற்றத்தில் ஒரு மொரிஸ் மைனர் நின்றது. நின்றது என்பதைவிட நட்டுவைத்திருந்தார்கள் என்று சொல்லலாம். முன்மூடியைக் கழற்றி, எஞ்சின் இருந்த குழிக்குள் மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். கழற்றிய எஞ்சின் கொட்டிலுக்குள் சாக்கு மூடிக் கிடந்தது. சித்தி பரீதா தன் காப்பு இரண்டையும் கழற்றிக் கொடுத்தாள். செடியை வேரோடு பிடுங்கி விடுதிக்காரரின் கையில் கொடுத்துவிட்டு ஆதம்பாவா காரை லொறியில் ஏற்றினார்.

திருகோணமலை நகரில் கனகரத்தினம் என்றொரு மெக்கானிக். பழைய இங்கிலாந்துக் கார்களில் கைதேர்ந்தவர், வாயும் கொஞ்சம் நீளம். இறுகிப்போயிருந்த பிஸ்டன்களுக்கு நாள் கணக்கில் டீசல் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினார். உடைந்த வானின் ஆசனங்கள், எங்கோ விபத்துக்குள்ளான காரின் ரேடியேற்றர், லொறி ஒன்றின் கண்ணாடித் துடைப்பான் என்று கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் பூட்டினார்கள். துருவைச் சுரண்டுவதும் நெளிவை அடித்து எடுப்பதும் ஆதம்பாவாவின் பங்கு. யாரையோ அடிக்கிற மாதிரித்தான் அந்தத் தகரத்தை அடித்தார். சுத்தியல் வழுக்கி நகம் பிய்ந்தபோது, நகத்தைப் பார்க்காமல் சுத்தியலைத் தூக்கி மதிலில் எறிந்தார்.

தகராறு தரையில் வந்தது. காரின் தரை முழுதும் உக்கிப்போயிருந்தது. மெல்லிய தகடு வைத்து ஒட்டலாம் என்றார் கனகரத்தினம். ஆதம்பாவா தன் வளவிலிருந்து பாதைப் படகின் பழைய இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து போட்டார். பாதையை உடைத்தபோது ஞாபகத்துக்கென்று வாங்கி வைத்தவை. லொறி ஏறினாலும் நெளியாது, என்ட மகள் இருக்கப்போற காருக்கு இதுதான் தரை என்றார்.

“காக்கா, இது கார். லோஞ்ச் போட் இல்லை. இந்தப் பாரத்தை ஏத்தினால் தள்ளுறதுக்கே ஒரு ஊர் வேணும்,” என்றார் கனகரத்தினம், காக்கா என்று அண்ணன் முறை வைத்தே.

அறை கன்னத்தில் விழுந்தது. கனகரத்தினத்தின் மூக்குக்கண்ணாடி வேலைக் குழிக்குள் போய் விழுந்து உடைந்தது. வேறொருவராக இருந்தால் காரைத் தெருவில் தள்ளியிருப்பார். கனகரத்தினத்துக்கு அந்த எஞ்சினைவிட்டுப் பிரிய மனம் வரவில்லை. கேட்ட தகட்டையே ஒட்டினார், வேலையை முடித்தார், ஆனால் அதற்குப் பிறகு ஆதம்பாவாவோடு கதைக்கவே இல்லை. எல்லாக் கதையும் சித்தி பரீதா ஊடாகத்தான் போனது. காரைக் கொடுத்த அன்று, ஆதம்பாவா பக்கத்திலேயே நிற்க, அவளிடம்தான் சொன்னார்.

“ஸ்டார்ட்டர் பல்லு தேஞ்சிட்டுது அக்கா, அதுக்குச் சாமான் இல்லை. ரேடியேற்றர் மறைக்கிறதால கம்பி போட்டுச் சுத்தவும் ஏலாது. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேணும். மிதியில இருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் நிண்டிடும். வழியில இறங்க வேண்டாமெண்டு அவருக்குச் சொல்லுங்கோ.”

தினமும் அந்தக் காரில்தான் அவர் சீனன்குடாவுக்கு வேலைக்குப் போய்வந்தார். காலையில் தாயும் மகளும் பின்னால் நின்று தள்ளுவார்கள். பாதைத் தகட்டின் பாரம் இலேசில் அசையாது. அயலில் உள்ளவர்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு பல் தீட்டுவார்கள். ஒருவரும் வெளியே வரமாட்டார்கள். றிகாஸ் லீவில் வந்துபோய், ஷிஃபானாவுக்குத் திரும்பவும் பிள்ளை தங்கிய பிறகு ஆதம்பாவா வளவுக்குள் மண் கொட்டி ஒரு மேடு கட்டினார். இரவில் காரைப் பின்பக்கமாக மேட்டில் ஏற்றி நிறுத்துவார், காலையில் உருட்டிவிடுவார். வேலையிடத்திலும் ஒரு சரிவு கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆட்கள் இல்லாமல் வாழப் பழகிவிட்டேன் என்று அவருக்கு ஒரே பெருமை.

ஷிஃபானாவுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம், பிரசவ நோ தொடங்கியதும் திருகோணமலைக்கே கொண்டுபோங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நோ ஒரு பின்னேரம் தொடங்கியது. அம்புலன்சுக்குப் போன் அடிப்போம் என்றாள் சித்தி பரீதா. அப்படியானால் கார் எதுக்குச் செய்தது என்று கேட்டார் ஆதம்பாவா. மகளைப் பின்னால் படுக்கவைத்து, மனைவியை அவள் தலைமாட்டில் இருத்தி, மேட்டிலிருந்து காரை உருட்டினார். எஞ்சின் முதல் உதறலிலேயே பிடித்தது. அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் அவரைப் பிடித்திருக்கும்.

கிண்ணியாப் பாலத்தில் பின்னேரக் கூட்டம். கைப்பிடிச் சுவர் நீளத்துக்குத் தூண்டில்காரர்கள். முன்னால் ஒரு ஆட்டோ நடு வீதியில் ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தது. அஸீம். ஆதம்பாவா ஹோர்ன் அடித்தார். அஸீம் கண்ணாடியில் பார்த்தான், கார் யாருடையது என்று கண்டான், வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போனான். பின்னால் ஷிஃபானா இருப்பது அவனுக்குத் தெரியாது. எதிரே வாகனம் ஓய்ந்ததும் ஆதம்பாவா வெட்டி முன்னால் போனார். வழி முழுவதும் வெறுமையாகக் கிடந்தது. போயிருக்கலாம். போயிருக்க வேண்டும்.

தாண்டும்போது அஸீம் தலையை வெளியே நீட்டினான்.

“என்ன காக்கா, தள்ள ஆள் வேணுமா?”

ஆதம்பாவாவின் கால் பிறேக்கில் ஏறியது. ஆட்டோவை மறித்து நிறுத்தி இறங்கினார். எஞ்சின் இருமி நின்றது. சித்தி பரீதா கத்தியது அவர் காதில் விழவில்லை. அஸீமின் கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்தெடுத்து முகத்தை ஆட்டோவின் இரும்புச் சட்டத்தில் அடித்தார். இரண்டாம் அடியில் முன்பல் கழன்று வெளியே வந்தது. ஆட்டோவின் சாவியைப் பிடுங்கிப் பாலத்துக்கு வெளியே தண்ணீரில் எறிந்தார். அஸீம் ஆசனத்துக்குக் கீழே துழாவி ஜக் கம்பியை எடுத்துச் சுழற்றினான். அது ஆதம்பாவாவின் புருவத்தைப் பிளந்தது. இரத்தம் கண்ணை மூட, பார்வையில்லாமலே அவர் அவனைக் கீழே போட்டு, விலகிய அதே தோள்பட்டையில் முழங்காலை ஊன்றினார். எலும்பு சத்தமிட்டது. அஸீம் மாடு அலறுவதுபோல் அலறினான். அதற்கு மேலாக இன்னொரு அலறல் கேட்டது. அது காருக்குள்ளிருந்து வந்தது.

அப்போதுதான் மனுசனுக்குத் தான் எங்கே, எதற்காகப் போனவன் என்ற நினைவு வந்தது. ஓடிப்போய்க் காரைத் தள்ளினார். பாதைத் தகடு அசையுமா? தள்ளினால் ஓட்ட ஆளில்லை, ஓட்டினால் தள்ள ஆளில்லை. தூண்டில்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரோடு நின்றார்கள். ஒருவன் தாடையைத் தடவினான், ஒருவன் விலாவை. முன்னால் இக்ராம் நின்றான்.

“டேய், வாங்கடா தள்ளுறதுக்கு,” என்று ஆதம்பாவா கத்தினார். ஒருவரும் அசையவில்லை.

கார்க்கதவு திறந்தது. ஷிஃபானா இறங்கினாள். பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, தகப்பனைத் தாண்டி அந்த ஆட்களைப் பார்த்தாள்.

“வாப்பாவுக்காக வர வேணாம். எனக்காகத் தள்ளுங்க. போன முறையும் ஒருத்தரும் வரல்ல.”

கீழே கிடந்த அஸீம் அதைக் கேட்டான். ஷிஃபானாவை அவன் அப்போதுதான் கண்டான். வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பிவிட்டு எழும்ப முயன்றான். இக்ராம் முன்னால் வந்து, இந்தாள் ஓட்டினால் நான் கை வைக்க மாட்டேன் என்று சொன்னான். ஆதம்பாவாவுக்கு ஒரு கண் தெரியவில்லை என்பது வேறு விசயம், தெரிந்திருந்தாலும் அவன் அதையே சொல்லியிருப்பான்.

“அஸீம் காக்கா, நீங்க ஏறுங்க,” என்றாள் ஷிஃபானா. அந்தக் கூட்டத்தில் ஓட்டுவதைத் தொழிலாக வைத்திருந்தவன் அவன்தான்.

ஆதம்பாவா வாயைத் திறந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத சித்தி பரீதா, கதைக்காமல் போய்த் தள்ளுங்க என்றாள்.

தாயும் மகளும் திரும்பப் பின்னால் ஏறினார்கள். அஸீம் ஒரு கை தொங்க, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தான். கியர் போட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு பொடியன் ஏறினான். தாடை உடைந்தவன், விலா நொந்தவன், இக்ராம் எல்லாரும் பின்னால் கை வைத்தார்கள். ஆதம்பாவாவும் அவர்களுக்கு நடுவில் தோளைக் கொடுத்தார். கார் அசைந்தது, உருண்டது, வெடித்துப் புகை கக்கியது, பிடித்தது. நின்று ஆதம்பாவாவை ஏற்ற ஏலாது. அஸீம் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். மொரிஸ் மைனர் பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

பாலத்தில் அவரும் அவர்களும் மட்டும் மிஞ்சினார்கள்.

முதல் அடியை இக்ராம் அடித்தான், சரியாக மூக்கில். பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. விழுந்தார், உதைத்தார்கள். எழும்பினார், திரும்ப விழுத்தினார்கள். வயது போனாலும் இரண்டு பேரையாவது சுவருக்கு அப்பால் தூக்கிப் போடுகிற பலம் அவரிடம் இருந்தது. கையைத் தூக்கவில்லை. நல்ல புத்தி வந்துவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய போன் காரோடு போய்விட்டது. அஸீமின் நம்பர் இவர்களிடம்தான் இருந்தது. இவர்களை அடித்தால் பிள்ளையின் சேதியை யார் கேட்டுச் சொல்வது?

“அஸீமுக்கு ஒருக்கா கோல் எடுங்க,” என்றார் உதைகளுக்கு நடுவில். அந்தக் கூட்டத்தில் ஒருவரையும் அவர் அதற்கு முன் நீங்கள் என்று அழைத்ததில்லை. அடி தானாக ஓய்ந்தது.

மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டியும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தள்ளியவர்களுக்கும் இப்போது முடிவு தெரிய வேண்டியிருந்தது. ஆதம்பாவா சுவரில் சாய்ந்து இருந்தார். யாரோ தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்தார்கள். கடைசியில் இக்ராமின் போன் அடித்தது. அவன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டான். பல் போன வாயால் அஸீம் கதைத்தான்.

“பொம்புளப் புள்ள. தாயும் புள்ளயும் சுகம்.”

தூண்டில்காரர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ஆதம்பாவா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சுவரைப் பிடித்து எழும்பி, என்னை அங்கே கொண்டுபோக ஆட்டோ ஒன்று எடுத்துத் தாங்க என்று இக்ராமிடம் கேட்டார். அஸீம் இன்னும் போனில் இருந்தான்.

“ஷிஃபானா ஒண்டு சொல்லச் சொன்னா. வாப்பா வர வேணாமாம். அந்தக் கையால புள்ளயத் தூக்க விடமாட்டாவாம்.”

இக்ராம் போனை அணைத்துவிட்டு, அடி வரும் என்று இரண்டடி பின்னால் போய் நின்றான். ஒன்றும் வரவில்லை. ஆதம்பாவா தன் கைகளைச் சாரத்தில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். அஸீமின் இரத்தமும் அவருடையதும் ஒன்றாகக் காய்ந்து இறுகிப்போயிருந்தன. அவை போகவில்லை. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.